பயோற்றினை நொதியத்தில் கட்டுவது யார்?

உப்புவெளியில் இருந்து உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "துணைநொதியம் என்றால் வந்து வேலை செய்துவிட்டுக் கழன்று போகும் என்று படித்தோம். பயோற்றின் மட்டும் நொதியத்தோடேயே இருக்கும் என்று ரீச்சர் சொன்னா. அது தானாகப் போய் ஒட்டுகிறதா? அம்மா முடி கொட்டுதென்று தினமும் 10,000 மைக்ரோகிராம் பயோற்றின் குளிசை எடுக்கிறா. கூட எடுத்தால் கூட ஒட்டுமா?"

பயோற்றின் ஒரு பி விற்றமின். நொதியம் என்பது உடம்பின் இரசாயன வேலைகளைச் செய்விக்கும் புரதம், துணைநொதியம் அதற்கு உதவும் சின்ன மூலக்கூறு. பயோற்றின் தானாக ஒட்டாது. ஒட்டும் வேலைக்கென்றே ஒரு நொதியம் இருக்கிறது. அதற்குச் சக்தி செலவாகிறது, இடமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. அதனால்தான் கூட எடுத்தாலும் கூட ஒட்டாது. மிகச் சிலருக்கு மட்டும் கூட எடுத்தால் உயிரே தப்பும். அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நான் திருகோணமலையில் பல வருடமாக உயிரியல் படிப்பிக்கிறவள். அதற்கு முதல் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்தேன். இரண்டு வேலையிலும் இந்த விற்றமின் என்னைத் தேடி வந்தது.

முதலில் மூலக்கூறைப் பாருங்கள். கரைவலை இழுத்து முடிந்த பிறகு மணலில் திருக்கை கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். தட்டையான உடம்பு, பின்னால் நீண்ட வால். பயோற்றினை அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு என்பது ஒட்டிப் பிறந்த இரண்டு வளையங்கள். ஒன்றில் இரண்டு நைதரசன், மற்றதில் ஒரு கந்தகம். வால் என்பது ஐந்து காபன் நீளமான சங்கிலி, அதன் நுனியில் காபொட்சிலிக் கூட்டம். உடம்பில் இருக்கும் ஒரு நைதரசன்தான் காபனீரொட்சைட்டைச் சுமக்கும். வால் நுனியைத்தான் நொதியத்தில் கட்டுவார்கள். சுமக்கும் இடம் வேறு, கட்டும் இடம் வேறு. இதை மனதில் வைத்தால் மிச்சம் எல்லாம் இலகு.

காபனீரொட்சைட்டை இன்னொரு மூலக்கூறில் சேர்க்கும் நொதியங்களுக்குக் காபொட்சிலேசு என்று பெயர். மனித உடம்பில் பயோற்றின் கட்டப்பட்டு வேலை செய்யும் காபொட்சிலேசு நொதியங்கள் ஐந்தே ஐந்து. அசற்றைல் கோஏ காபொட்சிலேசு இரண்டு வகை: ஒன்று கொழுப்பமிலம் கட்டுவதைத் தொடக்கி வைக்கும், மற்றது இழைமணியின் வெளிமென்சவ்வில் இருந்து கொழுப்பு எரிவதைக் கட்டுப்படுத்தும். புரோப்பியோனைல் கோஏ காபொட்சிலேசும் மெதைல்குரோட்டனைல் கோஏ காபொட்சிலேசும் சில அமினோ அமிலங்கள் உடையும்போது வரும் துண்டுகளை எடுத்துக் கையாளும். ஐந்தாவது பைரூவேற்றுக் காபொட்சிலேசு. அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பவர்களும் மூதூரிலும் கிண்ணியாவிலும் நோன்பு பிடிப்பவர்களும் பல மணிநேரம் சாப்பிடாமல் இருந்தும் மயங்கி விழுவதில்லை. ஈரலில் சேமித்த கிளைக்கோசன் குறையக் குறைய, ஈரல் புதிதாகக் குளுக்கோசு செய்கிறது. பைரூவேற்றில் ஒரு காபனைச் சேர்த்து ஒட்சலோ அசற்றேற்று ஆக்குவது அந்தப் பாதையின் முதற்படி. அந்தப் படியில் நிற்கும் நொதியத்தின் கையில் பயோற்றின் இருக்கிறது.

சரி, ஏன் கட்டி வைக்க வேண்டும்? மற்றத் துணைநொதியங்கள் போல வந்து போனால் என்ன?

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன் துறையடியில் காத்து நின்று அக்கரைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த நொதியங்களுக்கு இரண்டு கரை உண்டு. ஒரு கரையில் இருகாபனேற்று, அதாவது நீரில் கரைந்த காபனீரொட்சைட்டின் வடிவம், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி.யின் உதவியோடு கிளர்த்தப்பட்டுப் பயோற்றினின் நைதரசனில் ஏறுகிறது. மறுகரையில் அது பைரூவேற்றின் மேலோ அசற்றைல் கோஏயின் மேலோ இறங்குகிறது. நடுவில் தண்ணீர். பயோற்றினில் ஏறிய காபொட்சிலிக் கூட்டம் நீண்ட நேரம் தாங்காது, கழன்றால் ஏ.ரி.பி. வீண். ஆகவே ஓடம் எங்காவது மிதந்து போகக்கூடாது, இரு கரைக்கும் நடுவில் ஒரே கயிற்றில் ஓட வேண்டும். அந்தக் கயிறுதான் வாலும், அது கட்டப்படும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியும். இரண்டும் சேர்ந்தால் 1.4 நனோமீற்றர் அளவு நீளமான ஒரு கை.

முந்தி நான் படிப்பிக்கும்போது இந்தக் கை மட்டும் ஆடுகிறது என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். அப்போது பாடநூல்களிலும் அப்படித்தான் இருந்தது. 2007இல் ஒரு பற்றீரியாவின் பைரூவேற்றுக் காபொட்சிலேசு முழுதாகப் படம் பிடிக்கப்பட்டபோது, இரு கரைக்கும் இடைத்தூரம் கையின் நீளத்தைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. கை மட்டும் ஆடவில்லை. கை பொருத்தப்பட்ட புரதப் பகுதியே பெயர்ந்து போகிறது, அதுவும் பக்கத்தில் இருக்கும் அடுத்த புரதச் சங்கிலியின் கரைக்குப் போய் இறக்குகிறது. பழைய குறிப்புகளில் இருந்து படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனிக் கட்டும் வேலைக்கு வருவோம். புரதம் கட்டும் இறைபோசோமில் இருந்து இந்த ஐந்து நொதியங்களும் வெறுங்கையோடுதான் பிறக்கின்றன. மரபுக் குறியீட்டில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் கோடோன் என்ற மூன்றெழுத்துச் சொல் உண்டு, பயோற்றினுக்கு ஒரு கோடோனும் கிடையாது. புரதம் பிறந்த பின்னர் யாரோ ஒருவர் பயோற்றினைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். வால் நுனியில் காபொட்சிலிக் கூட்டம் இருக்கிறது, லைசினின் நுனியில் அமினோ கூட்டம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஏமைட்டுப் பிணைப்பு வரும்தானே என்று கேட்பீர்கள். கலத்துக்குள் இருக்கும் நீரில் அது நடக்காது. அங்கே காபொட்சிலிக் கூட்டம் ஐதரசன் அயனை இழந்து மறை ஏற்றத்தோடும், அமினோ கூட்டம் அதை வாங்கி நேர் ஏற்றத்தோடும் நிற்கும். பக்கம் பக்கமாக ஆயிரம் வருடம் நின்றாலும் ஒன்றையொன்று பிணைக்காது.

அந்தக் கட்டும் கைதான் ஹோலோகாபொட்சிலேசு சிந்தற்றேசு. பெயர் பெரியது, வேலை இரண்டே படி. முதலில் பயோற்றினின் வால் நுனியை ஏ.ரி.பி.யோடு தாக்கமடையச் செய்கிறது. ஏ.ரி.பி.யின் மூன்று பொசுபேற்றுகளில் இரண்டு பைரோபொசுபேற்றாகக் கழன்று போக, மிச்சமான ஏ.எம்.பி. வால் நுனியில் தொங்குகிறது. இதற்குப் பயோற்றினைல் ஏ.எம்.பி. என்று பெயர். கழன்ற பைரோபொசுபேற்றை வேறொரு நொதியம் உடனே உடைத்துவிடும், ஆகவே திரும்பிப் போக வழியில்லை. இரண்டாம் படியில் லைசினின் அமினோ நைதரசன் அந்த நுனியைத் தாக்குகிறது. ஏ.எம்.பி. விலகுகிறது. பயோற்றின் லைசினோடு பங்கீட்டு வலுப் பிணைப்பில் நிற்கிறது. அந்த நொதியம் உயிரோடு இருக்கும் காலம் முழுக்க அது அங்கேதான். பயோற்றினைல் ஏ.எம்.பி. இடையில் வருவதை 1964இல் டேனியல் லேன், ஃபியோடர் லைனன் ஆகியோரின் குழு காட்டியது. கொழுப்பமில, கொலஸ்ரரோல் வேலைக்காக லைனனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருடம்தான்.

இந்த இரண்டு படியையும் நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். புரதத் தொகுப்பில் அமினோ அமிலத்தை முதலில் ஏ.எம்.பி.யோடு சேர்த்து, பிறகு இடமாற்று ஆர்.என்.ஏ.யில் ஏற்றும் படி நினைவிருக்கிறதா? அதே தந்திரம். இரண்டு நொதியங்களின் வடிவத்திலும் உறவு தெரிகிறது. பழைய குடும்பத்தில் ஒரு கிளை அமினோ அமிலத்தை ஏற்றப் போனது, இன்னொரு கிளை விற்றமினைக் கட்டப் போனது.

எந்த லைசின் என்ற கேள்விதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. அசற்றைல் கோஏ காபொட்சிலேசில் மட்டும் 2,300க்கு மேல் அமினோ அமிலங்கள் உள்ளன. லைசின்கள் எத்தனையோ. அதில் ஒன்றே ஒன்றில்தான் பயோற்றின் கட்டப்படுகிறது. கலத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான மற்றப் புரதங்களின் லைசின்களைச் சிந்தற்றேசு திரும்பியும் பார்ப்பதில்லை. அந்த லைசினின் இரண்டு பக்கமும் மெதியோனின் இருக்கும், பற்றீரியாவில் இருந்து மனிதர் வரை பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே மெதியோனின், லைசின், மெதியோனின் என்ற வரிசையை வாசித்துத்தான் அடையாளம் காண்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மெதியோனினை மாற்றிப் பார்த்தார்கள், பயோற்றின் அப்போதும் கட்டப்பட்டது. லைசினை ஓரிடம் முன்னுக்கோ ஓரிடம் பின்னுக்கோ தள்ளி வைத்தார்கள், கட்டப்படவில்லை. அதாவது சிந்தற்றேசு எழுத்தை வாசிக்கவில்லை, வடிவத்தைத் தடவிப் பார்க்கிறது. கிட்டத்தட்ட 80 அமினோ அமிலங்கள் மடிந்து ஒரு சின்ன உருண்டை ஆகின்றன. அதில் ஒரு சங்கிலி கொண்டை ஊசி போல வளைந்து திரும்பும் முனையில், வெளியே நீட்டிக்கொண்டு, இந்த லைசின் நிற்கிறது. அந்த வளைவின் நுனியில் நின்றால்தான் கட்டு விழும். பக்கத்துச் சாய்வில் நின்றால் விழாது.

வடிவம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று: மனித நொதியத்தின் அந்தத் துண்டை எடுத்து ஈ. கோலி என்ற குடற் பற்றீரியாவுக்குள் செய்யவிட்டால், பற்றீரியாவின் சிந்தற்றேசு அதை அடையாளம் கண்டு பயோற்றினைக் கட்டிவிடும். எத்தனையோ கோடி வருடம் பிரிந்திருந்தும் கை மறக்கவில்லை.

ஈ. கோலியின் அந்த நொதியத்துக்குப் பிர்-ஏ என்று பெயர். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈ. கோலியில் பயோற்றின் கட்டப்படும் புரதம் ஒன்றே ஒன்று, அசற்றைல் கோஏ காபொட்சிலேசின் ஒரு பகுதி. அந்தப் பற்றீரியாவுக்கு நம்மிடம் இல்லாத ஒரு திறமை உண்டு, பயோற்றினைத் தானே செய்துகொள்ளும். ஆனால் அது செலவான வேலை, தேவையில்லாமல் செய்யக்கூடாது. போதும் என்பதை யார் சொல்வது? கட்டுகிறவரே சொல்கிறார். பிர்-ஏ பயோற்றினைல் ஏ.எம்.பி.யைச் செய்து கையில் வைத்துக்கொண்டு வெறும் புரதத்தைத் தேடுகிறது. கிடைத்தால் அதோடு சேர்ந்து கட்டிவிட்டு விலகும். எல்லாப் புரதத்துக்கும் கட்டி முடிந்து, தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கையில் சுமையோடு நிற்கும் இரண்டு பிர்-ஏ ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சேர்ந்த சோடி போய்ப் பயோற்றின் செய்யும் பரம்பரையலகுகளின் வாசலில் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. புரதத்தோடு சேரும் முகமும் தன் சோடியோடு சேரும் முகமும் ஒன்றுதான், ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். வேலை செய்கிற கையே கணக்கும் வைத்திருக்கிறது, நடுவில் ஒரு தூதரும் இல்லை.

பிர்-ஏ பயோற்றினைல் ஏ.எம்.பி.யை இறுகப் பொத்தி வைத்திருப்பதும் முக்கியம். ஓர் அமினோ அமிலத்தை மாற்றி அந்தப் பிடியைத் தளர்த்தினால், அது வெளியே ஒழுகி, அருகில் எந்த லைசின் இருந்தாலும் போய் ஒட்டும். அந்தக் குறையையே 2012இல் ஒரு கருவியாக்கினார்கள். கலத்துக்குள் ஒரு புரதத்தின் அயலவர் யார் யார் என்று கண்டுபிடிக்க இன்று அது பயன்படுகிறது.

இனி, கட்டிய பயோற்றின் கழலும் நாள். எந்த நொதியமும் ஒரு நாள் பழுதாகி உடைக்கப்படும். புரதம் துண்டு துண்டாகி அமினோ அமிலங்கள் ஆனாலும், லைசினும் பயோற்றினும் மட்டும் பிரியாமல் சோடியாகவே கிடக்கும். அந்தச் சோடிக்குப் பயோசைற்றின் என்று பெயர். புரதத்தை உடைக்கும் சாதாரண நொதியங்களுக்கு அந்தப் பிணைப்பு பிடிபடாது. அதை வெட்டப் பயோற்றினிடேசு என்ற தனி நொதியம் வேண்டும். நாம் சாப்பிடும் மீனிலும் ஈரலிலும் கச்சானிலும் இருக்கும் பயோற்றினிலும் பெரும் பகுதி இப்படிக் கட்டப்பட்ட நிலையில்தான் வருகிறது. அதைக் கழற்றித் தருவதும் இதுதான். ஒரு நாளைக்கு வளர்ந்த ஒருவருக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்று சொல்ல முடிவது, கழற்றித் திரும்பப் பாவிக்கும் இந்த வேலை ஒழுங்காக நடப்பதால்.

பயோற்றினிடேசு பிறப்பிலேயே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 60,000 பிறப்புக்கு ஒன்று என்பது உலகளாவிய கணக்கு. முதல் சில மாதங்களில் வலிப்பு, தசை தளர்வு, தோலில் படை, முடி உதிர்தல், கவனிக்காமல் விட்டால் காது கேளாமையும் பார்வைக் குறைவும் வரும். 1983இல் பாரி வுல்ஃப் என்ற மருத்துவரின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. மருந்து என்ன தெரியுமா? தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோற்றின், வாழ்நாள் முழுக்க. வெட்டிக் கொடுக்க ஆளில்லாததால், வெட்டத் தேவையில்லாத பயோற்றினை நேரே கொடுக்கிறோம். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். மச்சான் மச்சாளுக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள எங்களைப் போன்ற சமூகங்களில் இப்படிப்பட்ட நோய்களுக்கு வாய்ப்புக் கூட. காரணம் தெரியாமல் குழந்தைக்கு வலிப்பும் தோல் படையும் முடி உதிர்வும் சேர்ந்து வந்தால், குழந்தை மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நான் முன்பு சொன்ன விதிவிலக்கு இதைவிட நுட்பமானது. சில குழந்தைகளுக்குக் கட்டும் நொதியமே, அதாவது சிந்தற்றேசே, பழுது. 21ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் அதன் பரம்பரையலகில் மாற்றம். பிறந்து சில நாளிலேயே மூச்சு வாங்கும், இரத்தம் அமிலமாகும், பால் குடிக்காது. ஐந்து நொதியங்களும் ஒன்றாக வெறுங்கையோடு நிற்கின்றன. இவர்களில் பலருக்குச் சிந்தற்றேசு முழுதாக இல்லாமல் போகவில்லை, பயோற்றினைப் பிடிக்கும் பிடிதான் தளர்ந்துவிட்டது. நல்ல சிந்தற்றேசுக்கு இரத்தத்தில் இருக்கும் மிகச் சிறிய செறிவே போதும், அதில் அது நிறைந்துவிடும். தளர்ந்த பிடிக்கு அந்தச் செறிவில் ஒன்றும் அகப்படாது. செறிவைப் பல நூறு மடங்கு கூட்டினால், தளர்ந்த கையிலும் பயோற்றின் வந்து விழும், கட்டும் வேலை நடக்கும். தினமும் 10 முதல் 20 மில்லிகிராம் கொடுத்ததும் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள்.

இப்போது அம்மாவின் குளிசையை இந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவின் சிந்தற்றேசு நல்ல பிடியோடு இருக்கிறது. அவவின் கலங்களில் இருக்கும் லைசின் முனைகள் எல்லாம் சாப்பாட்டில் வரும் பயோற்றினாலேயே கட்டி முடிந்துவிட்டன. 10,000 மைக்ரோகிராம் என்பது தேவையைவிட 300 மடங்குக்கு மேல். கட்ட இடமில்லை. மிச்சம் சிறுநீரோடு போகிறது. பயோற்றின் குறைந்தால் முடி கொட்டும் என்பது உண்மை, ஆனால் முடி கொட்டுகிற எல்லாருக்கும் பயோற்றின் குறைவு என்று அதைத் திருப்பிப் போட முடியாது.

குறைவு வருவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, எங்கள் வீடுகளோடு சம்பந்தப்பட்டது. பெரியபிள்ளையானவளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எங்களுக்குத் தெரியும். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் உண்டு. ஒரு அவிடின் நான்கு பயோற்றினைப் பிடிக்கும், பிடித்தால் குடலில் விடாது. வெள்ளைக்கரு மட்டுமே கொடுத்து வளர்த்த எலிகளுக்குத் தோல் வெடித்து முடி உதிர்வதை 1927இலேயே மார்கரெட் போவாஸ் எழுதியிருந்தார். எதிர்ப்பக்கம் பாருங்கள், 1936இல் கோகல், தொன்னிஸ் என்ற இருவர் பயோற்றினை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்ததும் முட்டையில் இருந்துதான். 250 கிலோ காய்ந்த தாரா முட்டை மஞ்சளில் இருந்து ஒரு மில்லிகிராமை ஒட்டிய அளவுதான் கிடைத்தது. சில நாள் குடிக்கும் பச்சை முட்டையால் பிள்ளைக்குப் பயோற்றின் குறைவு வராது, அதற்கு மாதக்கணக்கில் நிறையக் குடிக்க வேண்டும். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம் என்பதுதான் என் கவலை. அவித்துக் கொடுங்கள். சூட்டில் அவிடின் பிடியை இழந்துவிடும், முட்டையில் இருக்கும் 10 மைக்ரோகிராம் அளவு பயோற்றினும் பிள்ளைக்குச் சேரும்.

கடைசியாக ஆய்வுகூடத்தில் கண்டது. அவிடினுக்கு ஸ்ரெப்ராவிடின் என்று பற்றீரியாவில் ஒரு சோடி உண்டு. அது பயோற்றினைப் பிடிக்கும் இறுக்கம் உயிரியலில் அறியப்பட்டவற்றில் மிக வலுவானவற்றில் ஒன்று. ஆகவே பல தைரொயிட் பரிசோதனைக் கருவிகள் பிறபொருளெதிரியில் பயோற்றினைக் கட்டி, ஸ்ரெப்ராவிடினால் அதைப் பிடித்து அளக்கின்றன. நோயாளியின் இரத்தத்தில் குளிசையில் இருந்து வந்த பயோற்றின் நிறைந்திருந்தால், அது முந்திப் போய் ஸ்ரெப்ராவிடினில் உட்கார்ந்துவிடும். தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும், தைரொயிட் சுரக்கும் தைரொக்சின் பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். பார்க்கிறவருக்குத் தைரொயிட் அளவுக்கு மிஞ்சி வேலை செய்வது போலவே தெரியும். ஒரு தடவை அப்படி ஓர் அறிக்கை என் கையாலேயே போனது. அந்த அக்காவுக்கு மெலிவும் இல்லை, நெஞ்சுப் படபடப்பும் இல்லை. டொக்டர் சந்தேகப்பட்டுத் திரும்பவும் கேட்டபோதுதான், முடிக்குக் குளிசை எடுப்பதைச் சொன்னா. நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மாரடைப்பைக் காட்டும் துரோப்போனின் பரிசோதனையிலும் இதே பிழை நேரலாம். பயோற்றின் கூடுதலாக எடுத்த ஒருவரின் துரோப்போனின் பொய்யாகக் குறைந்து காட்டி, அவர் இறந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

முடி கொட்டுவதற்கு இரும்புக் குறைவோ தைரொயிட்டோ காரணமாக இருக்கலாம், அம்மாவை ஒருக்கால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இரத்தம் எடுக்க எத்தனை நாளைக்கு முதல் குளிசையை நிறுத்த வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், பொதுவாக இரண்டு மூன்று நாள் சொல்வார்கள். போகும்போது அந்தக் குளிசைப் போத்தலையும் கையில் கொண்டு போங்கள்.